காதுக்குப் பின்னால் ஒரு ரசிகர்

மிருதங்க வித்வான் வைத்தியலிங்கம் ஒரு கச்சேரியின் நடுவே வாசிப்பதை நிறுத்திவிட்டுப் புன்னகையோடு உட்கார்ந்திருந்தான். முதலில் யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது தனி ஆவர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. அதாவது, பாட்டு நின்று மிருதங்கம் மட்டும் பேசும் நேரம். அதாவது, சபையில் பாதிப் பேர் எழுந்து கேன்டீனுக்குப் போகும் நேரம். எழுந்து போகாத மீதிப் பேருக்கு முன்னால் வைத்தி கண்களை மூடி, இரண்டு உள்ளங்கைகளையும் தோலின் மேல் வைத்தபடி, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் ஒரு விமர்சகர், 'ஒரு ஒலிக்கும் அடுத்த ஒலிக்கும் நடுவில் இருக்கும் மௌனத்தை வைத்தியலிங்கம் நமக்குத் திறந்து காட்டினார்' என்று எழுதினார்.

பாடகி தர்மசம்வர்த்தினி மட்டும் ஏமாறவில்லை. அவள் மேடையேற ஆரம்பித்த காலத்திலிருந்து அவளுக்கு வாசிப்பவன் வைத்திதான். கச்சேரி முடிந்ததும் கிரீன் ரூமில் அவனை நாற்காலியில் உட்காரவைத்து, வலது காதுக்குப் பின்னால் இருந்த முடியை விலக்கினாள். மிளகு அளவில் ஒரு பொத்தான் ஒட்டியிருந்தது.

"முன்வரிசையா?"

"ஆமாக்கா."

"எப்பலேருந்து?"

"ரொம்ப நாள் இல்லக்கா. போன வருஷம்... இல்ல, அதுக்கு முந்தின வருஷம்."

"அதான் ரெண்டு வருஷமா என் மூஞ்சியைப் பார்க்காம கூரையைப் பார்த்து வாசிக்கிற. நான் கூரையில என்னமோ ஒழுகுதுன்னு நினைச்சேன்."

முன்வரிசை என்பது அந்தப் பொத்தானின் பெயர். சாதகம் செய்கிறவர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று யாரோ கண்டுபிடித்தது. அதை ஒட்டிக்கொண்டு வாசித்தால், சரியான இடத்தில், சரியான அளவில், விஷயம் தெரிந்த ஒருவர் முதல் வரிசையில் உட்கார்ந்து "ஆஹா" சொல்வது கேட்கும். கூடவே பிடரியில் வெந்நீர் ஊற்றியது போல ஒரு இதம். இசைக்காரர்கள் அதை 'அது' என்று சொல்வதில்லை. "அவர் இன்னிக்கு வந்திருக்காரா?" என்று மரியாதையாகத்தான் விசாரித்துக்கொள்வார்கள்.

தர்மா பொத்தானைப் பிய்த்து எடுத்தாள். வைத்தியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியால் அல்ல.

"இதோ பாரு வைத்தி. ஏலகிரியில ஒரு டாக்டர் இருக்காங்களாம். போ. குணமாகிட்டு வா. மார்கழியில என் முதல் கச்சேரிக்கு நீதான் வாசிக்கிற. ஆனா அன்னிக்கு என்னைப் பார்த்து வாசிக்கணும், நான் பாடறதைக் கேட்டு வாசிக்கணும். கூரையைப் பார்த்தேன்னா, அதோட நமக்குள்ள சரி. வேற ஆளைப் போட்டுக்கறேன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் பயந்திருக்க மாட்டான். ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

ஏலகிரியில் டாக்டர் பிலோமினாவின் சிகிச்சை இல்லம் ஒரு பலாத் தோப்புக்கு நடுவில் இருந்தது. வாசலிலேயே பலகை வைத்திருந்தார்கள்: 'உள்ளே யாரையும் எதற்காகவும் பாராட்டக் கூடாது.' இந்த விதியால் அதிகம் பாதிக்கப்பட்டவர் சமையல்காரர் சின்னக்கண்ணு. அருமையாகச் சமைப்பார். ஒருவரும் வாயைத் திறந்து சொல்ல முடியாது. அவர் சமையலறைக் கதவோரம் நின்று, சாம்பாரை வாயில் வைத்ததும் யாருடைய புருவம் உயருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். சில நாள் புருவத்தை உயர்த்தியதற்காகவே நோயாளிகள் கண்டிக்கப்பட்டார்கள்.

டாக்டர் பிலோமினா தூத்துக்குடிக்காரர். முதல் நாளே வைத்தியை உட்காரவைத்துப் பேசினார்.

"அந்தப் பொத்தான் நீங்க வாசிக்கதைக் கேக்குதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க, அப்படித்தான சார்?"

"பின்னே?"

"அதுதான் இல்ல. விரல் அசையறதுக்கு முன்னாடி மூளை ஒரு உத்தரவு போடும். அந்த உத்தரவை மட்டுந்தான் அது கேக்கும். நீங்க என்ன வாசிச்சீங்கன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. என்ன வாசிக்க நினைச்சீங்கன்னு தெரியும். அதுக்குத்தான் ஆஹா."

"அதுல என்ன தப்பு டாக்டர்? ஒரு கோர்வைக்கு நான் எவ்வளவு கணக்குப் போடறேன் தெரியுமா? இப்படிச் சுத்தி, அப்படி மடக்கி, கடைசியில சரியா தாளத்தோட முதல் தட்டுல கொண்டுவந்து இறக்கணும். அதைக் கேட்க வேண்டியவன் கேன்டீன்ல தேங்காய்ச் சட்னி கேட்டுக்கிட்டு நிக்கிறான். அவர் ஒருத்தருக்குத்தான் புரியுது."

"எவர்?"

வைத்தி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சரி, அவருக்குப் புரிஞ்சிட்டுல்லா? உடனே உங்க விரல் என்ன யோசிச்சிச்சு? நினைச்சதுக்கே ஆஹா கிடைக்கு, பெறவு நாம எதுக்கு மெனக்கெடணும்னு படுத்துக்கிட்டு. பாதிக் கோர்வை வாசிச்சீங்க. பெறவு கால்வாசி. பெறவு கையைத் தோல் மேல சும்மா வச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டு உக்காந்துட்டீங்க. இதை ஒரு புண்ணியவான் பேப்பர்ல மௌனம்னு எழுதிட்டான்."

அவனுடைய அறையில் கூட இருந்தவன் நாகர்கோவில்காரன். பெயர் டென்சிங். கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசிப்பவன்.

"உமக்காவது பாதி ஆளு எந்திரிச்சுப் போவான் அண்ணாச்சி," என்றான் டென்சிங். "எனக்கு முன்னால இருக்கதே பந்திதான். நான் உசிரைக் குடுத்து வாசிச்சிட்டு இருப்பேன், ஒருத்தன் என்னையப் பாத்துக் கையை ஆட்டுவான். அடேயப்பா, ரசிச்சிட்டான்னு நினைப்பேன். ரசம் கேட்டிருப்பான்."

முதல் வாரம் பொத்தான் இல்லாமல் இருவருக்கும் உடம்பு நடுங்கியது. துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் டென்சிங் ஒரு யோசனை சொன்னான்.

"அண்ணாச்சி, ஆருக்கும் தெரியாண்டாம். நீரு எனக்கு ஒரு சபாஷ் சொல்லும். நான் உமக்கு ஒண்ணு சொல்லுதேன்."

வைத்தி அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, "சபாஷ்," என்றான்.

"என்னவே இது, டிக்கெட் கேக்க மாதிரி இருக்கு? கொஞ்சம் மூச்சை உள்ள இழுத்துட்டு, தாங்க முடியாம வருகது மாதிரி சொல்லும்."

"முதல்ல நீ சொல்லிக் காட்டு."

டென்சிங் கண்களை மூடி, மூச்சை இழுத்து, மிக உருக்கமாக, "ஓ... சபாஷ்!" என்றான். வைத்திக்கு ஒரு கணம் பிடரி சிலிர்த்தது. உடனே அடங்கிவிட்டது. இவன் எதற்காகச் சொன்னான்? தான் ஒரு சட்டையை அலசியதைத் தவிர எதுவுமே செய்யவில்லையே.

"இன்னொண்ணு சொல்லு."

"அது எப்படிவே? என்னோடது ரெண்டாகும், உம்மோடது ஒண்ணுதான் ஆச்சு. அதுவும் டிக்கெட்டு சபாஷ்."

சத்தம் பெரிதாகி, டாக்டரே வந்து பிரித்துவிட வேண்டியதாயிற்று.

ஆனால் உண்மையான விபத்து சாப்பாட்டு மேசையில் நடந்தது. மோருக்காகக் காத்திருந்த வைத்தி, நினைவில்லாமல் எவர்சில்வர் டம்ளரில் விரலால் தட்ட ஆரம்பித்தான். மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு வாத்தியத்தால் கெட்டுப்போனவர்கள். ஒவ்வொருவரின் கையும் மெல்ல மேசைக்குக் கீழே போய்த் தொடையில் தாளம் போடத் தொடங்கியது. சுற்று போனது, மடங்கியது, இன்னொரு சுற்று. கரண்டிகள் நின்றன. கடைசியில் வைத்தியின் விரல் முதல் தட்டில் பளிச்சென்று வந்து விழுந்ததும், நாதஸ்வரக்காரர், வீணைக்காரம்மா, தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர் எல்லாரும் ஒரே குரலில் "பலே!" என்று கத்திவிட்டார்கள். சமையலறைக் கதவோரத்திலிருந்து சின்னக்கண்ணுவும் கத்தினார். அவர் தன் மோர்க்குழம்புக்குத்தான் பலே என்று நினைத்து, நன்றி சொல்லியே விட்டார்.

எல்லாருக்கும் சிகிச்சை ஒரு வாரம் கூட்டப்பட்டது. மார்கழி நெருங்கிக்கொண்டிருந்தது. வைத்தி அதற்குப் பிறகு டம்ளரை இடது கையால்தான் எடுத்தான்.

சிகிச்சையின் கடைசிக் கட்டம் ஜோலார்பேட்டை ரயில் நிலையத்தில். "கைதட்டும் கிடைக்கக் கூடாது, கல்லும் விழக் கூடாது. அப்படி ஒரு சபை வெயிட்டிங் ஹால்தான்," என்றார் டாக்டர். வைத்தியையும் டென்சிங்கையும் அங்கே ஓரமாக ஒரு ஜமுக்காளத்தில் உட்காரவைத்து, தான் ஒரு பேப்பர் கப்பில் டீயோடு தூணருகே நின்றுகொண்டார்.

யாரும் கேட்கவில்லை. ஒருவர் மிருதங்கத்தைத் தலையணையாக்கி, அதன் பக்கமாகச் சாய்ந்து தூங்க முயன்றார். வைத்தி மிகக் கடினமான ஒரு கோர்வைக்குள் நுழைந்த நேரத்தில் கூடையோடு ஒரு அம்மா வந்து குனிந்தார்.

"தம்பி, பெங்களூர் வண்டி எந்த பிளாட்பாரம்?"

"மூணும்மா," என்றான், கை நிற்காமல்.

"நிச்சயமா மூணா?"

"நிச்சயம்."

"அப்ப ஏன் அங்க ஒருத்தரையும் காணோம்?"

"வண்டி லேட்டும்மா!"

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா டென்சிங்கின் கீபோர்டு ஓரத்தில் கூடையை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

வைத்திக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடுதான் கவனித்தான்: கீபோர்டு சத்தத்தில் ஏதோ சரியில்லை. டென்சிங் ஒரு மெட்டின் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தான். அதே நான்கு சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு, வராத ஒரு ஆஹாவுக்காகத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தான். வைத்தி தன் கோர்வையை அப்படியே கீழே போட்டான். வெறும் தாள நடையை, மிக எளிமையாக, பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஆளின் முழங்கையைப் பிடித்துக்கொள்வது போல, அவன் பக்கத்திலேயே வாசித்துக்கொண்டு போனான். இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் டென்சிங்கின் விரல் அடுத்த சுரத்தில் காலை வைத்தது. மெட்டு நகர்ந்தது.

முடித்ததும் டென்சிங் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஒத்தையில எப்படி சமாளிச்சேன் பாத்தீரா அண்ணாச்சி?" என்றான்.

வைத்தி தலையை ஆட்டினான். தன் பங்கைச் சொல்லத் தோன்றவில்லை.

டாக்டர் கப்பைக் கசக்கிப் போட்டார். "நீங்க நாளைக்கு ஊருக்குக் கிளம்பலாம் சார்."

"எப்படி டாக்டர் சொல்றீங்க?"

"அடுத்தவன் தடுமாறுனது உங்க காதுல விழுந்திச்சுல்லா."

மார்கழியில் தர்மாவின் கச்சேரிக்குக் கூட்டம் நிறைந்திருந்தது. சபாவின் செயலாளர் குஞ்சிதபாதம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, எல்லாக் கச்சேரிகளிலும் செய்வது போல, தொடையில் தாளத்தைப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வைத்தியை மறுபடி மேடையேற்றுவதில் அவருக்கு அவ்வளவாக விருப்பமில்லை என்று வைத்திக்கே தெரியும்.

அவன் கூரையைப் பார்க்கவில்லை. தர்மாவைப் பார்த்தான். அவள் காம்போதி ராகத்தை எடுத்தாள். இத்தனை நாள் கழித்துக் கேட்டதில் அவனுக்கு அது புதிதாக இருந்தது. ராகத்துக்கே உரிய ஒரு சுரப்பிடி காதில் வந்து விழுந்ததும் வாயிலிருந்து தானாகவே "ஆஹா" வந்தது. அந்தக் காலத்தில் அவன் அப்படிச் சொன்னால் தர்மா பாடிக்கொண்டே இலேசாகத் திரும்பிச் சிரிப்பாள். இன்று திரும்பவில்லை. இன்னொரு முறை சொன்னபோதும் திரும்பவில்லை. இன்னும் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். கீர்த்தனையில், ஒரே வரியை மாற்றி மாற்றி மெருகேற்றும் சங்கதிகளில் சிலவற்றை அவள் பாதியிலேயே விட்டாள். களைப்பாக இருக்கும்.

தனி ஆவர்த்தனம் வந்தது. நாற்காலிகள் மடங்கும் சத்தம் மழை பிடித்தது போல எழுந்தது. சனங்கள் கேன்டீனுக்குப் போனார்கள். வயலின்காரர் தலையைக் குனிந்து தந்தியைத் திருகிக்கொண்டிருந்தார். வைத்திக்கு வருத்தமே இல்லை. தனி ஆவர்த்தனத்தின்போது பாடுகிறவர் கையால் தாளம் போட வேண்டும், வாசிக்கிறவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்பது வழக்கம். தர்மாவின் கை இருந்தது. ஒரு தட்டு, பிறகு எண்ணிக்கைக்குச் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அவள் கை தப்பி அவன் பார்த்ததே இல்லை.

கடைசிக் கோர்வைக்குள் இறங்கினான். மூன்று முறை வர வேண்டும். மூன்றாவதன் முடிவு தாளத்தின் முதல் தட்டில் விழ வேண்டும். இரண்டு முடிந்தது. மூன்றாவதன் நடுவில், தர்மாவின் கையில் சுண்டுவிரல் போனது, மோதிரவிரல் போனது, நடுவிரல் வரவில்லை. நேராக அடுத்த தட்டு விழுந்தது.

அவள் முகத்தைப் பார்த்தான். மூடிய கண்கள். உதட்டில் ஒரு புன்னகை. அவள் இங்கே இல்லை. மனசுக்குள் வேறு எதையோ பாடிக்கொண்டிருந்தாள். அதை யாரோ ரசித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புன்னகையை வைத்தி கண்ணாடியில் பார்த்திருக்கிறான்.

யோசிக்க அவகாசம் இல்லை. சரியான இடத்தில் முடித்தால் அவன் ஜெயித்தான். தர்மாவின் கை எங்கோ நிற்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவன் ஒரு தட்டு அளவு சொற்களை விழுங்கிவிட்டு, அவள் கை விழுந்த இடத்தில் தானும் விழுந்தான். ஒரு அட்சரம், அதாவது ஒரு எண்ணிக்கை, முன்னதாக. அவள் கண்ணைத் திறந்து, எதுவும் நடக்காதது போலப் பல்லவியை எடுத்தாள். மூன்றாவது வரிசையில் குஞ்சிதபாதத்தின் கை தொடைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. கேன்டீனிலிருந்து திரும்பியவர்கள் பலமாகக் கைதட்டினார்கள்.

கிரீன் ரூமுக்குக் குஞ்சிதபாதமே வந்தார்.

"அம்மா, உங்க தாளம் மலை மாதிரி. அசையவே இல்லை. சார்தான் ஒரு அட்சரம் முன்னாடியே விழுந்துட்டார்..." வைத்தியைப் பார்த்து, ஆஸ்பத்திரியில் பேசும் குரலில் தொடர்ந்தார். "உடம்பு இன்னும் முழுசா தேறலைன்னு நினைக்கிறேன். நல்லா ரெஸ்ட் எடுங்க சார். அடுத்த வருஷம், அதுக்கடுத்த வருஷம்... பார்க்கலாம்."

"சரிங்க," என்றான் வைத்தி. அவர் போனார். அவன் மிருதங்கத்தின் இடது பக்கத் தோலில் நாதத்துக்காக ஒட்டியிருந்த ரவைப் பசையைச் சுரண்ட ஆரம்பித்தான்.

"ஒரு அட்சரம் முன்னாடியே விழுந்துட்டியேடா," என்றாள் தர்மா. "நான் எவ்வளவு நம்பி உன்னை உட்கார வச்சேன். அந்த மனுஷன் முன்னாடி எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"முன்னாடிதான் விழுந்தேன். அங்கதானே உங்க கை இருந்தது."

"என் கையா?"

"மோதிரவிரலுக்கு அப்புறம் நடுவிரல் வரலக்கா."

தர்மா தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். நடுவிரல் அங்கேதான் இருந்தது.

"இதை அவர்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க போடறதுதான் எனக்குத் தாளம். செயலாளர் போடறது இல்ல." பசையை உருட்டிக் காகிதத்தில் வைத்தான். "எந்தக் காது?"

அவள் போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு இடது காதோரம் தொங்கிய மல்லிகைச் சரத்தை ஒதுக்கினாள்.

"எப்பலேருந்து?"

"நீ கூரையைப் பார்க்க ஆரம்பிச்சியே, அதுக்குக் கொஞ்ச நாள் கழிச்சு." குரல் சின்னதாக இருந்தது. "சபையில ஆயிரம் பேர் தட்டுவாங்க வைத்தி. அவங்க, போன கரென்ட் திரும்பி வந்தாலும் தட்டுவாங்க. பக்கத்துல உட்கார்ந்து நீ ஒரு ஆஹா சொல்லுவியே, பாதிச் சங்கதி அதுக்காகத்தான் பாடிக்கிட்டிருந்தேன்னு அது நின்னப்புறம்தான் எனக்கே தெரிஞ்சது. நின்னு போச்சு. என்ன பண்ணச் சொல்ற? கடையில ஒண்ணு கிடைச்சது."

"என்னை மட்டும் மலைக்கு அனுப்பினீங்களே."

"நீ குணமாகி வந்து பழையபடி சொன்னா, நானும் இதை எடுத்துடலாம்னு இருந்தேன்."

"இன்னிக்குச் சொன்னேனேக்கா. காம்போதியில."

"சொன்னியா?"

"ரெண்டு தடவை."

தர்மாவின் முகம் வாடியது. அதே இடத்தில் வேறொருவரும் சொல்லியிருப்பார். அவருடையது இன்னும் பக்கத்தில் கேட்டிருக்கும்.

அவள் காதுக்குப் பின்னால் நகத்தைக் கொடுத்துப் பொத்தானைப் பெயர்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். அதை மேசையில் வைத்து, மேலே ஒரு காபி டம்ளரைக் கவிழ்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு டம்ளரைக் காட்டினாள்.

"அவர் இன்னிக்குப் பிரமாதம்னு சொல்லிட்டார். நீ சொல்லு. எப்படிப் பாடினேன்?"

வைத்தி யோசித்தான். பிரமாதம் என்று சொல்லிவிடலாம். இப்போது அதை வாங்கிக்கொள்ள அவளைவிடத் தயாரானவர் யாருமில்லை.

"சுமார்."

"என்னது?"

"சுமார்க்கா. காம்போதி நல்லா இருந்தது. அப்புறம் நிறைய இடத்துல நீங்க நினைச்சதோட விட்டுட்டீங்க. பாடல."

அவளிடம் அப்படி ஒரு வார்த்தையை யாராவது சொல்லி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. முகம் சிவந்தது. வைத்தி தற்காப்பாக மிருதங்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஆனால் தர்மா எதையும் எடுத்து எறியவில்லை. நாற்காலியை அவன் பக்கமாகச் சரசரவென்று இழுத்துப் போட்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்தாள்.

"எந்தெந்த இடம்? ஒண்ணு விடாம சொல்லு," என்றாள். "மெதுவா சொல்லு."